‘இந்துஸ்தானி’ யாருடைய பெயர்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு, “இந்துஸ்தானி என்பது இந்தியின் பழைய பெயர்” என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டேன். அது போதாது, பாதி தப்பும்கூட என்று வடசென்னையில் இருந்து மட்டுமே ஏகப்பட்ட கடிதங்கள். எழுதியவர்கள் சொன்னது சரிதான். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்.

கொருக்குப்பேட்டை வாசகி: எங்கள் மாடியில் குடியிருக்கும் வயதான அம்மா, தன் வீட்டில் பேசுவது இந்துஸ்தானி என்கிறார். என் மகளின் பாட்டு டீச்சர், இந்துஸ்தானி என்றால் வடநாட்டு சங்கீதம் என்கிறார். டிவியில் ஒருவர் “நான் ஒரு இந்துஸ்தானி” என்று நெஞ்சைத் தட்டிச் சொல்கிறார். ஒரு சொல் எப்படி பாஷையாகவும் பாட்டாகவும் ஆளாகவும் இருக்க முடியும்?

மூன்றும் சரி. ‘மதராஸி’ என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள், விளங்கிவிடும். மதராஸைச் சேர்ந்த ஆள் மதராஸி, பனாரஸைச் சேர்ந்த புடவை பனாரஸி, பஞ்சாபைச் சேர்ந்த ஆளும் பஞ்சாபி, பேச்சும் பஞ்சாபி. ஊர்ப் பெயரோடு ஒரு ‘ஈ’ சேர்த்தால் அந்த ஊரைச் சேர்ந்தது என்று அர்த்தம், இது பாரசீகத்தின் வழக்கம். அப்படி இந்துஸ்தானைச் சேர்ந்த எதுவும் இந்துஸ்தானி. ஆளா, பேச்சா, பாட்டா என்பது பேசுகிற இடத்தைப் பொறுத்தது.

சரி, இந்துஸ்தான் எங்கிருந்து வந்தது? ஒரு ஆற்றில் இருந்து. சிந்து என்பது நதியின் பெயர். அந்த நதிக்கு மேற்கே இருந்த ஈரானியர் வாயில் ‘ஸ’ வரவேண்டிய பல இடங்களில் ‘ஹ’ வரும். சமஸ்கிருதத்தில் சப்த என்றால் அவர்களுக்கு ஹப்த, இங்கே சோம என்றால் அங்கே ஹவோம. இது வினோதம் ஒன்றும் இல்லை, நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. நாம் பால் என்பதைக் கன்னடர்கள் ஹாலு என்கிறார்கள், பல் என்பது ஹல்லு, புலி என்பது ஹுலி. அதுபோல சிந்து ஹிந்து ஆனது. பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ், கி.மு. 500ஐ ஒட்டிய காலத்தில், தன் ஆட்சிக்கு அடங்கிய நாடுகளைக் கல்வெட்டில் வரிசைப்படுத்தும்போது ‘ஹிந்துஷ்’ என்று எழுதிவைத்தான். அவனுக்கு அது ஒரு நிலப்பகுதி, சிந்து நதியை ஒட்டிய மண். அங்கிருந்து கிரேக்கர் காதுக்குப் போகும்போது முன்னால் இருந்த ‘ஹ’வும் உதிர்ந்து இந்தோஸ் ஆகி, அதிலிருந்து இந்தியா பிறந்தது. ஆக, இந்தியா, இந்து, இந்தி, இந்துஸ்தான், சிந்து மாகாணம் எல்லாமே ஒரே ஆற்றுத் தண்ணீர்.

‘ஸ்தான்’ என்பது இடம். சமஸ்கிருத ஸ்தானமும் பாரசீக ஸ்தானும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்றிடம் இருந்து மற்றொன்று கடன் வாங்கவில்லை. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தை ஆண்ட சாசானிய மன்னன் ஷாப்பூரின் கல்வெட்டிலேயே ‘ஹிந்துஸ்தான்’ வந்துவிடுகிறது. இஸ்லாம் தோன்றுவதற்கு ஏறத்தாழ 350 ஆண்டுகள் முந்தி என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் அந்தச் சொல்லை முஸ்லிம் மன்னர்கள் கொண்டுவந்ததாகப் பலர் நினைக்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘ஹிந்து’ என்பது முதலில் மதத்தின் பெயர் அல்ல. சிந்துவுக்கு அந்தப் பக்கம் இருப்பவன், அவ்வளவுதான். மதம் என்ற பொருள் மெல்ல மெல்ல வந்து ஏறியது. அரபு வியாபாரிகள் நம் புளிக்கு ‘தமர் ஹிந்தி’ என்று பெயர் வைத்தார்கள், இந்தியப் பேரீச்சை என்று அர்த்தம். இங்கிலீஷ்காரர்களின் டாமரிண்ட் அதில் இருந்து வந்ததுதான். புளிக்கு என்ன மதம்?

ராயபுரம் வாசகர்: இந்துஸ்தான் என்றால் முழு இந்தியாவா, வடக்கு மட்டுமா? நாம் அதில் உண்டா இல்லையா?

இரண்டு விதமாகவும் புழங்கியிருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தவனுக்கு எல்லாமே இந்துஸ்தான். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் இமயத்துக்கும் விந்தியத்துக்கும் நடுவில் உள்ள சமவெளியைத்தான் அப்படிச் சொன்னார்கள். விந்தியத்துக்குத் தெற்கே இருந்தது தக்கன், அதாவது தட்சிணம். கிழக்குப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் தெற்கு, தட்சிணம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு. ஹைதராபாத்திலும் பீஜாப்பூரிலும் இருந்தவர்களே ‘இந்துஸ்தானில் இருந்து வந்தவர்’ என்று வடக்கத்திக்காரரைத்தான் குறிப்பிட்டார்கள். அந்தக் கணக்கில் நாம் இல்லை.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் முதல் கூறு ‘இந்தியா, அதாவது பாரதம்’ என்கிறது. அங்கே இந்துஸ்தான் இல்லை. கம்பெனிகளின் பெயரிலும் மேடைப் பேச்சிலும் தங்கிவிட்டது, அம்பாசிடர் கார் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் மாதிரி.

கொடுங்கையூர் கல்லூரி மாணவர்: அப்படியென்றால் இந்துஸ்தானி மொழி எது? இந்தி மொழியா, உருதுவா? ரெண்டும் ஒன்றுதான் என்று நண்பன் சொல்கிறான். நம்பலாமா?

உங்கள் நண்பர் சொல்வதில் பெரும் பகுதி உண்மை. டெல்லியைச் சுற்றிய வட்டாரத்தில் பேசிய கடீபோலி என்ற பேச்சுதான் இரண்டுக்கும் அடித்தளம். வினைச்சொல், வேற்றுமை உருபு, நான் நீ அவன், எண்கள், சோறு தண்ணீர் எல்லாம் பொது. சந்தையில் நின்று காய் வாங்குகிற அளவுக்குப் பேசினால் அது இந்தியா உருதுவா என்று பிரிக்கவே முடியாது. மேடையேறிப் பேச ஆரம்பித்தால்தான் பிரியும். ஒருவர் புஸ்தக், பிரஷ்ன் என்பார், இன்னொருவர் கிதாப், சவால் என்பார். எழுதும்போது ஒருவர் இடமிருந்து வலமாகத் தேவநாகரியில் போவார், மற்றவர் வலமிருந்து இடமாக. நம்மிடமும் ஒரு காலத்தில் அக்கிராசனாதிபதி என்று பேசிய தமிழும் தலைவர் என்று பேசிய தமிழும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, ஆனால் இரண்டும் தமிழ் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, காரணம் எழுத்து ஒன்றாக இருந்தது. அங்கே எழுத்தே இரண்டாகிவிட்டது. எழுத்தோடு மதமும் வந்து ஒட்டிக்கொண்டது.

பழைய ஆட்கள் இந்தப் பேச்சை ஹிந்தவி என்றார்கள், தேஹ்லவி, ரேக்தா என்றும் சொன்னார்கள். உருது என்பது துருக்கியச் சொல், பாளையம் என்று அர்த்தம், படை தங்கும் இடம். டெல்லி அரச முகாமின் பேச்சு என்று நீட்டிச் சொன்னது சுருங்கி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் மொழிக்கே அது பெயரானது. ‘இந்துஸ்தானி’ அதற்கும் பழையது. 1526இல் பாபர் பஞ்சாபுக்குள் வந்தபோது தௌலத் கான் லோடி சரணடைகிறார். பாபர் பேசுவது துருக்கி. தான் சொல்வதை ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துச் சொல்ல, இந்துஸ்தானி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டதாகத் தன் நினைவுக் குறிப்பில் பாபரே எழுதுகிறார்.

ஆனால் இந்தப் பெயரைப் பெரிதாக ஊன்றியவர்கள் வெள்ளைக்காரர்கள். முதலில் அவர்கள் இதை ‘மூர்ஸ்’ என்றார்கள். முஸ்லிம்களை மூர் என்று சொன்ன பழக்கம் அது. அப்புறம் ஜான் கில்கிறிஸ்ட் என்ற மருத்துவர் வந்து, இந்துஸ்தானி என்ற பெயரிலேயே அகராதி போட்டார். 1800இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி தொடங்கியபோது அந்த மொழிக்குப் பேராசிரியர் அவர்தான். அங்கே ஒன்று நடந்தது, அதை நான் முக்கியமாக நினைக்கிறேன். இங்கிலாந்தில் இருந்து வரும் இளம் அதிகாரிகளுக்குப் பாடநூல் வேண்டும் என்று உரைநடை எழுத ஆள் வைத்தார்கள். மீர் அம்மன் பாரசீக எழுத்தில், டெல்லிப் பேச்சில் எழுதினார். லல்லூ லால் அரபு, பாரசீகச் சொற்களைக் கூடியவரை தவிர்த்து நாகரி எழுத்தில் எழுதினார். ஒரே கல்லூரி, ஏறக்குறைய அதே ஆண்டுகள். பிளவை அந்தக் கல்லூரிதான் உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது, அதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனாலும் இரண்டு தண்டவாளம் பிரிகிற இடம் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நூற்றாண்டு முழுவதும் நீதிமன்றத்தில் எந்த எழுத்து என்று வடக்கே சண்டை நடந்து, 1900இல் வடமேற்கு மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதியில், நாகரிக்கும் இடம் கொடுத்தார்கள்.

காந்தி இரண்டையும் சேர்த்துக் கட்டப் பார்த்தார். பொதுமொழி இந்துஸ்தானியாக இருக்கட்டும், எந்த எழுத்திலும் எழுதலாம் என்றார். 1947 பிரிவினைக்குப் பிறகு அதைக் கேட்க ஆள் இல்லை. அரசியலமைப்பின் 343ஆம் கூறு, தேவநாகரி எழுத்தில் இந்தி என்று சொல்லிவிட்டது. இந்துஸ்தானி என்ற சொல் 351ஆம் கூறில் மட்டும் வருகிறது, இந்தி வளர்வதற்கு இந்துஸ்தானியில் இருந்தும் எட்டாவது அட்டவணை மொழிகளில் இருந்தும் வடிவங்களை, நடையை, சொல்லாட்சியை எடுத்துக்கொள்ளலாம் என்று. அந்த எட்டாவது அட்டவணையிலேயே இந்துஸ்தானிக்கு இடமில்லை. இந்தி இருக்கிறது, உருது இருக்கிறது, இரண்டுக்கும் பொதுவாக இருந்த பெயர் இல்லை. ‘இந்தியின் பழைய பெயர்’ என்று நான் போன மாதம் சொன்னது இதனால்தான் தப்பு.

சால்ட் குவார்ட்டர்ஸ் வாசகர்: மூர் மார்க்கெட்டுக்கும் அந்த ‘மூர்’ பாஷைக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. அது மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரில் எழுந்த கட்டடம். 1985இல் தீயில் போனது, பழைய புத்தகம் தேடிப் போனவர்கள் இன்னும் மறக்கவில்லை.

மூலக்கொத்தளம் வாசகர்: எங்கள் பெரியப்பா இந்தி எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “அப்போ அது இந்துஸ்தானி” என்பார். இந்தி எதிர்ப்பா, இந்துஸ்தானி எதிர்ப்பா?

உங்கள் பெரியப்பா சரியாகச் சொல்லியிருக்கிறார். 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வராக வந்தார், அப்போது அந்தப் பதவிக்குப் பிரீமியர் என்று பெயர். 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடம் என்று அரசாணை போட்டார்கள். அரசாங்கத் தாளில் இந்துஸ்தானி என்ற பெயர்தான் புழங்கியது, காங்கிரசின் கொள்கை அதுவாக இருந்ததால். தெருவில் நின்றவர்கள் இந்தி என்றே சொன்னார்கள், வரலாற்றிலும் இந்தி எதிர்ப்பு என்றே நின்றுவிட்டது. பிள்ளை வகுப்பில் எதைப் படிக்கப் போகிறது என்று பார்த்தால், பெயரை மாற்றி வைப்பதால் கட்டாயம் குறைந்துவிடவில்லையே.

இந்தப் போராட்டம் நம் பக்கத்துத் தெருக்களில் நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சவுகார்பேட்டை மின்ட் தெருவில் இந்து தியாலஜிக்கல் பள்ளியின் முன்னால்தான் மறியல், நாள் தவறாமல். 1938 நவம்பரில் வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை அரங்கில் பெண்கள் மாநாடு கூடியது, மறைமலை அடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை. ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் அங்கே கொடுத்ததுதான். மாநாட்டை அடுத்து பெண்களே மறியலுக்குப் போய், சிலர் கைக்குழந்தையோடு சிறை சென்றார்கள். 1939 ஜனவரியில் நடராசன், மார்ச்சில் தாளமுத்து, இருவரும் சிறைவாசத்தில் நோயுற்று இறந்தார்கள். இரண்டு பேரும் உங்கள் மூலக்கொத்தளத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். நான் அந்த இடத்துக்கு முதலில் போனபோது எனக்குப் பதினெட்டு வயது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே இருந்த டீக்கடையில் ஒரு பெரியவர் தக்கினியில், அதாவது தெற்கத்தி உருதுவில், இன்னொருவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், டீ ஆற்றிக் கொடுத்தவர் தமிழில் அதற்குப் பதில் சொன்னார். எனக்கு அது அப்படியே மனதில் நின்றுவிட்டது. திணித்த பாஷையோடுதான் சண்டை, பக்கத்து வீட்டுப் பேச்சோடு சண்டை கிடையாது.

சட்டமன்றத்தில் அன்று எழுந்து பேசியவர்களில் கலீபுல்லாவை நினைக்க வேண்டும். முஸ்லிம் லீக்காரர். நான் ராவுத்தர், என் தாய்மொழி தமிழ், உருது அல்ல, அதில் எனக்கு வெட்கமில்லை, பெருமைதான் என்ற பொருளில் பேசினார். முஸ்லிம் என்றால் இந்துஸ்தானி பேசுவார் என்ற நினைப்பை அன்றே உடைத்தவர்.

1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. 1940 பிப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் கட்டாயத்தை எடுத்தார்.

வியாசர்பாடி வாசகர்: நாஸ்தா, கலீஜ், பேஜார், உஷார் – இதெல்லாம் இந்துஸ்தானி என்றால், நாங்கள் பேசுவது தமிழே இல்லையா? ஆபீசில் கிண்டல் செய்கிறார்கள்.

கிண்டல் செய்பவர் சம்பளத்தில் பாக்கி இருந்தால் வசூல் செய்வார், லீவு வேண்டும் என்றால் ரஜா கேட்பார், பத்திரத்தின் அசலும் நகலும் எடுத்துக்கொண்டு தாசில்தாரைப் பார்க்கப் போவார், தகராறு வந்தால் வக்கீல் வைப்பார். இதில் பாக்கி, வசூல், ரஜா, அசல், நகல், தாசில்தார், தகராறு, வக்கீல் எல்லாமே நீங்கள் கேட்ட சொற்கள் வந்த அதே வழியில் வந்தவை. ஆபீஸ் வாசல் வழியாக வந்ததற்கு மரியாதை, தெரு வழியாக வந்ததற்குக் கிண்டல் என்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பேஜார், பாரசீகத்தில் பேஸார், சலித்துப்போன நிலை. ‘செம பேஜாராப் போச்சு’ என்று நீங்கள் சொல்வது அந்தச் சலிப்பேதான். கலீஜ், அரபியில் தடித்தது, முரடானது, உருதுவுக்கு வந்து அழுக்கு. உஷார், ஹோஷியார், புத்தி தெளிவாக இருப்பவன். பேமானி, ஈமான் என்றால் நம்பிக்கை, நாணயம், ‘பே’ என்றால் இல்லாமல், ஆக பேமானி நாணயம் கெட்டவன். தமாஷ் பிறந்தது அரபியில் நடை என்பதற்கான சொல்லில், நடந்துபோய்ப் பார்ப்பது, வேடிக்கை பார்ப்பது, கடைசியில் வேடிக்கை. கம்மி, ஜாஸ்தி, குஷி, மஜா, ஜல்தி எல்லாம் இதே கூட்டம். எனக்கு ரொம்பப் பிடித்தது நாஸ்தா. பாரசீகத்தில் அதற்குக் காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு என்று அர்த்தம். வெறும் வயிற்றைச் சொன்ன சொல், அந்த வயிற்றுக்குப் போடுகிற இட்லிக்குப் பெயராகிவிட்டது. ராஜினாமாவும் அப்படித்தான், ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் எழுதிக் கொடுப்பது. வடக்கே சமாதானப் பத்திரம், தெற்கே வந்து வேலையை விடும் கடிதம்.

ஆனால் புரியாத எல்லாவற்றையும் இந்துஸ்தானி கணக்கில் போடக்கூடாது. கஸ்மாலம் சமஸ்கிருதம், கீதையின் இரண்டாவது அத்தியாயத்தில் கிருஷ்ணன் அர்ஜுனனிடம் பேச ஆரம்பிக்கும்போதே வரும் சொல். துட்டு டச்சுக்காரர்களின் செப்புக் காசு. சாவியும் ஜன்னலும் போர்ச்சுகீசியம். துறைமுகத்தை ஒட்டி இருக்கிற ஊரில் இதெல்லாம் வந்து சேரும். ‘பேஜாரு பண்ணாத’ என்பதில் ‘பண்ணாத’வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? வாக்கியத்தைத் தாங்குகிற எலும்பு தமிழ். நீங்கள் பேசுவது தமிழ்தான், தைரியமாகப் பேசுங்கள்.

மணலி வாசகி: இந்துஸ்தானி சங்கீதம் முஸ்லிம் சங்கீதம், கர்நாடக சங்கீதம் இந்து சங்கீதம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. அப்படியா?

இல்லை. இந்துஸ்தானம் என்ற நிலப்பகுதியின் சங்கீதம் என்றுதான் பொருள். துருபத் என்ற பழைய வடநாட்டுப் பாட்டு முறையில் கண்ணனையும் சிவனையும் பாடுவது முஸ்லிம் உஸ்தாத்களின் பரம்பரை வழக்கம். நீங்கள் மணலியில் இருந்து கேட்பதால் ஒன்று சொல்கிறேன். முத்துசுவாமி தீட்சிதரின் அப்பா ராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு ஆதரித்து வைத்திருந்தவர்கள் மணலி முதலியார்கள். இன்று சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கி தெரிகிற அதே மணலிதான். அங்கே வந்த சிதம்பரநாத யோகியோடு முத்துசுவாமி காசிக்குப் போய், சில ஆண்டுகள் தங்கி, வடநாட்டு சங்கீதத்தைக் கேட்டு உள்வாங்கிக்கொண்டு திரும்பினார். அவருடைய யமுனா கல்யாணியிலும் பிருந்தாவன சாரங்காவிலும் துவிஜாவந்தியிலும் அந்தக் காசிக் காற்று வீசும். துவிஜாவந்திதான் அங்கே ஜெய்ஜெய்வந்தி.

திரும்பிப் போனதும் உண்டு. பம்பாய் வக்கீல் பாத்கண்டே 1904இல் தெற்கே சுற்றி வந்து, எட்டயபுரத்தில் தீட்சிதர் குடும்பத்து சுப்பராம தீட்சிதரைப் பார்த்தார். நம் 72 மேளகர்த்தா முறையைப் படித்துவிட்டுத்தான் வடநாட்டு ராகங்களைத் தாட்டு என்ற பத்துப் பிரிவுகளில் வகைப்படுத்தினார்.

திருவொற்றியூர் வாசகர்: தம்பி கப்பலில் வேலை செய்கிறான். நெதர்லாந்தில் சந்தித்த ஒருவர் “நான் இந்துஸ்தானி, ஆனால் இந்தியாவைப் பார்த்ததே இல்லை” என்றாராம். அது எப்படி?

அவர் பூர்வீகம் சுரினாமாக இருக்கும். தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு. 1873இல் லல்லா ரூக் என்ற கப்பல் கல்கத்தாவில் இருந்து முதல் கூட்டத்தைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோனது. 1916 வரை போனவர்கள் சுமார் 34,000 பேர், பெரும்பாலும் போஜ்புரியும் அவதியும் பேசிய ஏழைகள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் தங்களை இந்துஸ்தானி என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள், பேச்சுக்கு சர்னாமி என்று பெயர். 1975இல் சுரினாம் விடுதலையை ஒட்டிப் பலர் நெதர்லாந்துக்குக் குடிபோனார்கள்.

நம் கரையில் இருந்தும் இதேபோல் போனார்கள். 1860இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ, கிளம்பியது மதராஸில் இருந்து. அப்போது துறைமுகம் கிடையாது, கரையில் இருந்து மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். இப்படி மதராஸில் ஏறிப் போனவர்களுக்குக் கயானாவிலும் டிரினிடாடிலும் மதராஸி என்று பெயர் விழுந்தது. ஒருவருக்கு இந்துஸ்தானி, இன்னொருவருக்கு மதராஸி, எந்தக் கரையில் படகேறினார்கள் என்பதை வைத்து.

பழைய வண்ணாரப்பேட்டை மாணவி: எங்கள் வீட்டில் பேசுவது தக்கினி. உறவுக்காரர்களே “இது சுத்த உருது இல்லை, கெட்டுப்போன பாஷை” என்கிறார்கள். லக்னோவில் பேசினால் சிரிப்பார்களாம். என் நன்னி (பாட்டி) மட்டும் இதை இந்துஸ்தானி என்பார். எது சரி?

உங்கள் நன்னி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன்.

1327இல் முகமது பின் துக்ளக் தௌலதாபாத்துக்குத் தலைநகரை மாற்றியபோது டெல்லிப் பேச்சு தெற்கே இறங்கியது. 1347இல் தக்கனில் பாமினி அரசு தனியாகப் பிரிந்தது. அதன்பின் டெல்லியோடு ஒட்டு குறைந்து, மராத்தி, தெலுங்கு, கன்னடத்தோடு பழகி அந்தப் பேச்சு தன் போக்கில் வளர்ந்தது. உங்கள் வீட்டில் வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பீர்கள் அல்லவா, அது மராத்தி. ஆமாம் என்பதற்கு ‘ஹௌ’. நிறையப் பேரைச் சொல்ல ‘லோகாங்’ என்று கடைசியில் மூக்கோடு இழுப்பது பழைய இலக்கணம், லக்னோவில் அது போய்விட்டது, உங்கள் வீட்டில் இருக்கிறது. கெட்டுப்போனது என்று எப்படிச் சொல்ல முடியும்? டெல்லிக் கவிஞர்கள் பெரும்பாலும் பாரசீகத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, கோல்கொண்டா சுல்தான் முகமது குலி குதுப்ஷா தக்கினியில் பெரிய கவிதைத் தொகுப்பே எழுதிவிட்டார். அவர் இறந்தது 1612இல். 1700 வாக்கில் தெற்கில் இருந்து வலி என்ற கவிஞர் டெல்லிக்குப் போனார். அவர் கவிதைகளைக் கேட்ட பிறகுதான் இந்தப் பேச்சிலும் இப்படி எழுதலாம் என்று டெல்லிக்காரர்கள் துணிந்தார்கள். வழி காட்டியது தெற்கு.

அப்புறம் நம் ஊர் விஷயம். பெஞ்சமின் ஷுல்ட்சே என்ற ஜெர்மன் பாதிரியார் தரங்கம்பாடியில் இருந்து 1726இல் மதராஸுக்கு வந்தார். தமிழும் தெலுங்கும் தெரிந்தவர். இங்கே இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு இந்துஸ்தானியும் கற்று, அதற்கு லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 1745இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அது அச்சானது, இந்துஸ்தானி என்ற பெயரிலேயே. இந்த மொழிக்கு அச்சில் வந்த மிகப் பழைய இலக்கணங்களில் ஒன்று. கில்கிறிஸ்ட் கப்பலேறுவதற்கே இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. ஷுல்ட்சே காதில் விழுந்து எழுதிக்கொண்டது டெல்லிப் பேச்சு இல்லை, லக்னோ பேச்சும் இல்லை, மதராஸில் புழங்கிய தக்கினி. அதாவது உங்கள் வீட்டுப் பேச்சின் முன்னோர். ஆகவே உங்கள் நன்னி இந்துஸ்தானி என்று சொன்னால், அந்தப் பெயருக்கு ஏறத்தாழ 280 ஆண்டு மதராஸ் சாட்சி இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். இந்த வாரமே போனை எடுத்து நன்னி பேசுவதைப் பதிவு செய்யுங்கள். கதை சொல்லச் சொல்ல வேண்டாம், கேமரா முன்னால் தயங்குவார்கள். சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மசாலாவுக்கும் பாத்திரத்துக்கும் பெயர் கேளுங்கள், பிள்ளைகளைத் திட்டும் சொல் கேளுங்கள், தாலாட்டு தெரிந்தால் பாடச் சொல்லுங்கள். எந்தச் சொல் பக்கத்து வீட்டுத் தமிழில் இருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் அந்தச் சொற்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.